இராமநாதபுரம் கடற்கரையில் கருத்துக்காகப் பூசை ஒப்புக்கொடுக்க: முதல்முறை போகிறவர்களுக்கு

அப்பா இறந்த பிறகு ஊரில் உள்ள கத்தோலிக்கக் கோயிலில் ஒரு நினைவுப் பூசை (திருப்பலி) வைக்க நாங்கள் பட்ட அலைச்சல் தேவையே இல்லாதது. எங்களுக்கு வேலை வெளியூரில். ஊரில் யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்ட ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். கோயிலில் கொடுக்கும் குடும்ப அட்டை வேண்டும் என்றார் ஒருவர். ஊர் வரிப் பாக்கியைக் கட்டினால்தான் பேர் எழுதுவார்கள் என்றார் இன்னொருவர். எல்லாம் சேர்த்து இவ்வளவு ஆகும் என்று பெரிய தொகை ஒன்றைச் சொல்லிப் பயமுறுத்தினார் வேறொருவர். கடைசியில் பங்குச் சாமியாரையே, அதாவது அந்தக் கோயிலுக்கும் அதைச் சேர்ந்த மக்களுக்கும் (பங்குக்கு) பொறுப்பான குருவையே, நேரில் பார்த்துப் பேசியபோதுதான் அதில் பாதிக்கு மேல் தேவையில்லாதது என்று தெரிந்தது.

பாம்பன், தங்கச்சிமடம், இராமேஸ்வரம், மூக்கையூர், தொண்டிப் பக்கம் கல்யாணமாகி வந்தவர்கள், வேலைக்காக வந்து குடியேறியவர்கள், புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்கள், திருப்பூரிலோ சென்னையிலோ வளைகுடாவிலோ இருந்துகொண்டு ஊரில் பூசை வைக்க நினைப்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். வரிசைப்படி செய்தால் ஒரே தடவையில் முடிகிற வேலைதான்.

1. யாருக்காக, எதற்காக என்று முதலில் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்

கோயில் அலுவலகத்தில் போய் நின்றுகொண்டு யோசிக்காதீர்கள். குரு ஒரு பூசையை ஒரு கருத்துக்காக ஒப்புக்கொடுக்கிறார். அந்தக் கருத்து என்ன என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். வீட்டிலேயே உட்கார்ந்து ஒரே வரியில் எழுதிவிடுங்கள்.

இறந்தவருக்கு என்றால் முழுப்பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர் வேறாக இருந்தால் அதுவும், இறந்த தேதி, கேட்பவர் யார் என்பது. “மார்ச் 3 அன்று இறந்த இன்னாரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, மனைவியும் பிள்ளைகளும்” என்று எழுதினால் போதும். கடற்கரை ஊர்களில் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். அந்தோணியும் சூசையும் தெருவுக்குத் தெரு உண்டு. அப்பா பெயரையோ வீட்டுப் பெயரையோ சேர்த்து எழுதாவிட்டால், வாசிக்கும்போது வேறு வீட்டார் திரும்பிப் பார்ப்பார்கள்.

உயிரோடு இருப்பவர்களுக்காகவும் ஒப்புக்கொடுக்கலாம். பலர் பூசை என்றாலே இறந்தவருக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அறுவை சிகிச்சைக்குப் போகிறவர், பரீட்சை எழுதுகிற பிள்ளை, புதுப் படகு இறக்குகிற குடும்பம், திருமண நாள், நன்றி, எல்லாமே கருத்துதான். இலங்கைக் கடற்படை பிடித்துச் சிறையில் வைத்திருக்கும் மீனவர்களின் விடுதலைக்காகவும் எங்கள் கரையில் பூசை ஒப்புக்கொடுப்பது வழக்கமாகிவிட்டது.

இந்தக் கரைக்கே உரிய இன்னொரு துயரமும் உண்டு. கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. “ஆன்ம இளைப்பாற்றிக்காக” என்று எழுத அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கை வராது. எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை. “கடலில் காணாமற்போன இன்னாருக்காக” என்று மட்டும் எழுதுங்கள். உயிரோடு இருப்பவருக்கும் இறந்தவருக்கும், யாருக்காகவும் குரு பூசையை ஒப்புக்கொடுக்கலாம் என்று திருச்சபைச் சட்டம் சொல்கிறது. அவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதை நீங்கள் முடிவுசெய்து கொடுக்க வேண்டியதில்லை. இதை எந்த அலுவலகத்திலும் யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். அதனால்தான் இங்கே சொல்லிவைக்கிறேன்.

“யாருக்காகவும்” என்பதில் கத்தோலிக்கர் அல்லாதவரும் அடக்கம். கூடப் படகில் போன இந்து நண்பருக்காக, முஸ்லிம் பக்கத்து வீட்டுக்காரருக்காகக் கேட்கலாம்.

ஒரே குடும்பத்தில் இறந்த பலரை ஒரே கருத்தில் சேர்க்க விரும்பினால் “எங்கள் குடும்பத்தில் இறந்த அனைவருக்காகவும்” என்று எழுதுங்கள். ஒரே கொடுப்பவர், ஒரே பூசை என்பதால் அதில் தடையில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பூசை வேண்டும் என்றால் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள்; அப்போது பூசையும் தனி, காணிக்கையும் தனி.

2. எந்தக் கோயில், யாரிடம் பேசுவது

இராமநாதபுரம் கடற்கரை சிவகங்கை மறைமாவட்டத்தைச் (ஓர் ஆயரின், அதாவது பிஷப்பின், பொறுப்பில் உள்ள பகுதி) சேர்ந்தது. உங்கள் பங்கு எது என்று தெரியாவிட்டால் பக்கத்து அன்பியத்துக்காரர்களிடம் (பங்கில் உள்ள சிறு குடும்பக் குழு) கேளுங்கள், உடனே சொல்லிவிடுவார்கள். ஆனால் பூசைக் கருத்தைச் சொந்தப் பங்கில்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. கல்யாணம், அடக்கம் போன்றவற்றுக்குத்தான் பங்கு முக்கியம். கருத்தை எந்தக் குருவிடமும் கொடுக்கலாம். துறவற சபை இல்லங்களில் இருக்கும் குருக்களிடமும் கொடுக்கலாம். ஊர்க்கோயிலில் தேதி கிடைக்காதபோது இது கைகொடுக்கும்.

தனிச் சாமியார் இல்லாமல் ஒரு பங்கின் கீழ் இருக்கும் கிளைக் கிராமம் என்றால் கொஞ்சம் கவனம். அங்கே தினமும் பூசை இருக்காது. வாரத்தில் எந்த நாள், எத்தனை மணிக்குச் சாமியார் வருகிறார் என்று உபதேசியாரிடம் (கோயில் காரியங்களைக் கவனிப்பவர்) கேட்டுவிட்டுத் தேதியை யோசியுங்கள். “எங்கள் ஊர்க் கோயிலில்தான் வேண்டும்” என்றால் அதையும் தாளில் எழுதுங்கள். எழுதாமல் விட்டால் தாய்ப் பங்கில் அந்தத் தேதிக்குப் பூசை நடந்துவிடும். நீங்கள் கிளைக் கோயில் வாசலில் காத்துக்கொண்டிருப்பீர்கள்.

யாத்திரைத் தலங்களில் நிலைமை வேறு. ஓரியூரில் புனித அருளானந்தர் திருவிழா பிப்ரவரி 4-ஐ ஒட்டி வரும். அந்த நாட்களில் பூசைக் கருத்து எழுதும் இடத்தில் கூட்டம் நெரியும். இப்படிக் கருத்துகள் குவிகிற இடங்களில், அங்கே செய்ய முடியாதவற்றை வேறு இடத்தில் உள்ள குருக்களிடம் கொடுத்து நிறைவேற்றத் திருச்சபைச் சட்டம் இடம் தருகிறது. கொடுப்பவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் மட்டும் அப்படிச் செய்யக்கூடாது. உங்களுக்கு அந்த இடத்திலேயே, அந்தப் பீடத்திலேயே வேண்டும் என்றால் கொடுக்கும்போதே வாய்விட்டுச் சொல்லி எழுதவையுங்கள். அவசரம் இல்லையென்றால் திருவிழா முடிந்து ஒரு சாதாரண வாரநாளில் ஓரியூர் போவதே நல்லது. நிதானமாகப் பேசவும் முடியும், நீங்களும் பூசையில் இருக்கலாம்.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் கருத்து கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கோயில் யாழ்ப்பாண மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. திருவிழா பிப்ரவரி, மார்ச்சில் தவக்காலத்தில் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) வரும். அங்கே போகவே முன்கூட்டி விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். அந்தக் கூட்டத்தில் தனிக் கருத்துக்கு இடம் எதிர்பார்க்காதீர்கள். மனதில் இருப்பதை அங்கே போய் வேண்டிக்கொள்ளுங்கள், பூசையை ஊரில் எழுதிவையுங்கள்.

3. தேதி: இங்கேதான் பெரும்பாலோர் மாட்டிக்கொள்கிறார்கள்

முதலில், இறந்தவருக்கு வைக்கும் முப்பதாம் நாள் பூசை. இறந்த நாளை ஒன்று என்று எண்ணுவதா, அடக்கம் செய்த நாளிலிருந்து எண்ணுவதா என்று குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். திருச்சபை இதற்குக் கணக்கு எதுவும் விதிக்கவில்லை. பெரியவர்களோடு பேசி வீட்டிலேயே ஒரு தேதியை முடிவுசெய்துகொண்டு போங்கள். அலுவலகத்தில் “முப்பதாம் நாள்” என்று சொல்லாதீர்கள். காலண்டர் தேதியைச் சொல்லுங்கள்.

பிடித்த தேதி ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால், பங்குச் சாமியார் ஞாயிறன்றும் கடன் திருநாட்களிலும் (பூசைக்குக் கட்டாயம் போக வேண்டிய திருநாட்கள்) ஒரு பூசையைத் தம் பங்கு மக்கள் அனைவருக்காகவும் ஒப்புக்கொடுக்கக் கடமைப்பட்டவர் என்பதை நினைவில் வையுங்கள். அந்தப் பூசைக்குத் தனிக் கருத்து வாங்க மாட்டார்கள். ஞாயிறு இரண்டு மூன்று பூசை நடக்கும் பங்கில் மற்றதில் இடம் கிடைக்கலாம். சனி மாலைப் பூசை ஞாயிறு வழிபாடாகவே நடக்கும் என்பதால் அங்கேயும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சொந்தக்காரர்கள் வரட்டும் என்று எல்லோரும் ஞாயிறுதான் கேட்பார்கள். வாரநாள் அதிகாலைப் பூசை என்றால் பெரும்பாலும் கேட்ட தேதியே கிடைக்கும்.

அந்தோணியார் கோயில்களில் செவ்வாய் நவநாள் வேண்டுதலுக்குக் கூட்டம் அதிகம். முதல் வெள்ளி, முதல் சனியும் அப்படித்தான். ஊர்த் திருவிழாவில் கொடியேற்றம் முதல் தேர்பவனி வரை ஒவ்வொரு நாள் பூசையும் அன்பியங்களுக்கோ உபயதாரர்களுக்கோ ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கும். அந்தப் பத்து நாளில் உங்கள் தேதி விழுந்தால் திருவிழாவுக்கு முன்னாலோ பின்னாலோ மாற்றிக்கொள்ளுங்கள். பெரிய வெள்ளியன்று எங்கேயும் பூசை கிடையாது. பெரிய சனியில் இரவுத் திருவிழிப்பு மட்டும்தான்.

இனி கடல் காலண்டர். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். ஆண்கள் கரையில் இருப்பது அப்போதுதான் என்பதால் நினைவுப் பூசை, நேர்ச்சைப் பூசை எல்லாவற்றையும் அந்த இரண்டு மாதத்தில் வைக்கப் பார்ப்பார்கள். தடை முடிந்து படகு இறங்குவதற்கு முன்னால், ஜூன் முதல் இரண்டு வாரம் இன்னும் நெருக்கடி. படகு மந்திரிப்பும் (ஆசீர்வதிப்பும்) தொழில் நன்றாக அமைய வேண்டும் என்ற பூசையும் ஒன்றுசேர்ந்து வரும். அந்த வாரங்களில் தேதி வேண்டும் என்றால் ஏப்ரல் கடைசியிலேயே போய் எழுதிவிடுங்கள். மற்ற மாதங்களில் வீட்டு ஆண்கள் எந்தெந்த நாள் கடலில் இருப்பார்கள் என்று பார்த்துத் தேதி கேளுங்கள். விசைப்படகு போகும் நாளும் நாட்டுப்படகு போகும் நாளும் ஒன்றல்ல. மகன் கடலில் இருக்கும்போது அப்பாவின் ஆண்டு நினைவுப் பூசை நடந்துவிட்டதே என்று வருந்தும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அன்று ஒரு குரு மூன்று பூசை வைக்கலாம். ஆனால் அதில் ஒன்றுதான் தனிக் கருத்துக்கு. இன்னொன்று இறந்த விசுவாசிகள் அனைவருக்கும், மற்றொன்று திருத்தந்தையின் கருத்துக்கும். ஆகவே அந்தத் தேதியில் தனிப் பூசை கிடைப்பது அரிது. அன்றைக்குக் கல்லறை மந்திரிப்பில் கலந்துகொள்ளுங்கள், உங்கள் வீட்டாருக்கான தனிப் பூசையை நவம்பரில் வேறொரு நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு சந்தேகம். தனுஷ்கோடிப் புயலில், 1964 டிசம்பர் 22, 23-இல், உறவுகளை இழந்த குடும்பங்கள் இன்னும் இங்கே உண்டு. “அது திருவருகைக் காலமாச்சே, இறந்தவருக்குப் பூசை வைக்கக் கூடாதாமே” என்று, கிறிஸ்துமசுக்கு முந்தைய அந்த வாரங்களைக் காட்டி யாரோ சொல்லி ஜனவரிக்குத் தள்ளிப்போடுகிறார்கள். தேவையில்லை. இறந்தவருக்கான தனிச் செபங்களைக் கொண்ட பூசையைச் சில காலங்களில் வைக்க மாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் அன்றைய நாளின் செபங்களோடு நடக்கும் பூசையை உங்கள் அப்பாவுக்காக, தாத்தாவுக்காக ஒப்புக்கொடுக்கத் தடையே இல்லை. தவக்காலத்துக்கும் இதே பதில்தான்.

எவ்வளவு முன்னதாகப் போவது? சாதாரண வாரநாளுக்கு ஓரிரு வாரம் போதும். ஞாயிறு, தடைக்காலம், நவம்பர் என்றால் ஒரு மாதம், இரண்டு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்துக்குள் நிறைவேற்ற முடியாத அளவுக்குப் பூசைகளைக் குரு ஏற்கக் கூடாது என்று சட்டம் இருப்பதால், ரொம்ப முன்னாலேயே போனால் திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள்.

4. அலுவலகத்தில்: என்ன கொண்டுபோவது

எழுதிய தாள், காணிக்கை, உங்கள் போன் நம்பர். அவ்வளவுதான்.

ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டாம். இறப்புச் சான்றிதழ் வேண்டாம். ஆதார் வேண்டாம். பங்குக் குடும்ப அட்டை இருந்தால் கொண்டுபோங்கள், பெயர் சரிபார்க்க உதவும். இல்லையென்றால் பூசை கிடையாது என்று அர்த்தமில்லை. வரிப் பாக்கி ஊர் நிர்வாகத்தோடு தீர்க்க வேண்டிய வேறு கணக்கு. இரண்டையும் யாராவது முடிச்சுப் போட்டால் வாக்குவாதம் செய்ய வேண்டாம். பங்குச் சாமியாரை நேரில் பார்க்க நேரம் கேளுங்கள். காலைப் பூசை முடிந்து அவர் சக்கிரீஸ்துவிலிருந்து (குரு பூசை உடை மாற்றும் அறை) வெளியே வரும் நேரம்தான் பேச எளிது. அலுவலகம் எந்த நாள் விடுமுறை என்று முதலிலேயே போனில் கேட்டுவிடுங்கள். பல பங்குகளில் வாரத்தில் ஒரு நாள் பூட்டியிருக்கும்.

கருத்துகளை எழுத ஒரு தனிப் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். எத்தனை பூசை, என்ன கருத்து, எவ்வளவு காணிக்கை, எப்போது நிறைவேறியது, எல்லாம் அதில் ஏற வேண்டும். உங்கள் கண் முன்னால் எழுதச் சொல்வதில் தவறில்லை. “சொல்லிட்டேன், சாமியார் பார்த்துக்குவார்” என்று கோயிலில் பூ அலங்காரம் செய்பவரிடமோ தெரிந்த பீடச் சிறுவனிடமோ சொல்லிவிட்டு வருவதுதான் பெரிய பொறி. அது பதிவேட்டுக்கு வந்து சேராது.

ரசீது வாங்குங்கள். அச்சடித்த ரசீது இல்லாத சிறு பங்கு என்றால் பதிவேட்டில் எழுதிய பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளக் கேளுங்கள். சாமியார்கள் மாற்றலாகும் மே, ஜூன் சமயத்தில் இது ரொம்ப முக்கியம். பழைய சாமியாரிடம் ஜூலைக்கு எழுதிவைத்திருந்தால் புதியவர் வந்ததும் ஒருமுறை போய் நினைவுபடுத்துங்கள்.

5. காணிக்கை ஒன்று, செலவு வேறொன்று

இதை மட்டும் நன்றாக மனதில் வாங்கிக்கொண்டால் போதும் என்பேன்.

பூசைக் காணிக்கை எவ்வளவு என்பதை ஒவ்வொரு சாமியாரும் தம் விருப்பப்படி வைப்பதில்லை. ஒரு மறைமாகாணத்து (பல மறைமாவட்டங்கள் சேர்ந்த பகுதி) ஆயர்கள் கூடி நிர்ணயிக்க வேண்டிய தொகை அது. சிவகங்கை மறைமாவட்டம் மதுரை மறைமாகாணத்துக்குள் வருகிறது. தூத்துக்குடியும் அதே மாகாணம்தான். சென்னை வேறு மாகாணம் என்பதால் அங்கே கொடுத்த தொகையை வைத்து இங்கே கணக்குப் போடாதீர்கள். தொகையை அவ்வப்போது மாற்றுவார்கள், “ஒரு பூசைக்கு நிர்ணயித்த காணிக்கை எவ்வளவு?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. அந்தத் தொகைக்கு மேல் குரு கேட்கக் கூடாது. நீங்களாக அதிகம் கொடுத்தால் வாங்கலாம், குறைவாகக் கொடுத்தாலும் வாங்கலாம்.

பணமே இல்லையென்றால்? காணிக்கை வாங்காமலும் மக்களின், குறிப்பாக ஏழைகளின் கருத்துக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கும்படி குருக்களைத் திருச்சபைச் சட்டம் வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறது. அந்தச் சட்டத்தின் எண் 945. தடைக்காலத்தில் கையில் ஒன்றும் இல்லாமல் தயங்கி நிற்கும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். “சாமி, இப்போ கையில இல்லை” என்று சொல்லுங்கள். பூசை விற்கிற பொருள் அல்ல. வியாபாரம் போன்ற தோற்றம்கூட வரக் கூடாது என்றுதான் சட்டமே எழுதியிருக்கிறது.

பலருக்குத் தெரியாத இன்னொன்று. ஒரு குரு ஒரே நாளில் இரண்டு மூன்று பூசை வைத்தாலும் ஒரு பூசையின் காணிக்கையைத்தான் தமக்கென்று வைத்துக்கொள்ளலாம். மற்றவை ஆயர் குறித்த காரியத்துக்குப் போகும். கிறிஸ்துமஸ் நாள் மட்டும் இதற்கு விலக்கு.

இப்போது செலவு. பீடத்துக்குப் பூ, பாடகர் குழு, மைக், மெழுகுவர்த்தி, நினைவு அட்டை அச்சடிப்பது, ஃப்ளெக்ஸ், வந்தவர்களுக்குக் காபி, பிறகு சாப்பாடு. யாரோ எங்களுக்குச் சொன்ன பெரிய தொகை இதெல்லாம் சேர்ந்ததுதான். இதில் ஒன்றுகூடப் பூசைக்குக் கட்டாயம் இல்லை. அப்பாவின் பெயருக்குப் பூசை வைக்கச் சாப்பாட்டுப் பந்தியும் ஃப்ளெக்சும் வேண்டும் என்று நினைத்து வட்டிக்கு வாங்குகிறவர்களை இந்தக் கரையில் நிறையப் பார்க்கிறேன். மனம் வலிக்கிறது. காலை ஆறு மணிப் பூசையில் குடும்பத்தார் நான்கு பேர் முழங்காலில் நின்றாலும் அது முழுப் பூசைதான். தயவுசெய்து கடன் வாங்காதீர்கள். ஊர் என்ன சொல்லும் என்று கேட்கும் சித்தப்பாக்களுக்கு அடுத்த வருடம் சோறு போடலாம்.

செலவு செய்ய வசதி இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக விலை கேளுங்கள். பூவுக்கு இவ்வளவு, பாடகர் குழுவுக்கு இவ்வளவு என்று. “மொத்தமா இவ்வளவு கொடுத்துருங்க” என்றால் அதில் காணிக்கை எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். பூசைக்குப் பிறகு கல்லறையை மந்திரிக்கச் சாமியாரைக் கூப்பிட்டால் வண்டி ஏற்பாடு உங்களுடையது. கல்லறை கோயிலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களில் இதை முன்னாலேயே பேசிவிடுங்கள்.

உண்டியலில் போட்ட பணத்தால் பூசைக் கருத்து எழுதப்படாது. உறையில் பெயர் எழுதி உண்டியலில் போட்டுவிட்டுப் பூசைக்குக் காத்திருந்தவர்கள் உண்டு. அதேபோல் ஒரு தொகையைக் கொடுத்து “பூசை வச்சிருங்க” என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை பூசை என்று சொல்லாவிட்டால், உங்கள் ஊரில் நிர்ணயித்த தொகையால் வகுத்து எத்தனை வருகிறதோ அத்தனை பூசை வைப்பதுதான் முறை. ஒரே பூசைக்குத்தான் அவ்வளவும் என்று நினைத்துக் கொடுத்திருந்தால் அதைச் சொல்லியாக வேண்டும்.

6. “பத்துப் பேரோட சேர்த்து வாசிப்போம்” என்றால்

ஒவ்வொரு காணிக்கைக்கும் தனித்தனிப் பூசை என்பதுதான் அடிப்படை விதி. பல பேருடைய கருத்துகளைச் சேர்த்து ஒரே பூசையில் ஒப்புக்கொடுப்பது விதிவிலக்கு. ஆயர்கள் அனுமதித்த இடத்தில்தான் அப்படிச் செய்யலாம். கொடுப்பவர்களுக்கு முன்கூட்டியே தெரிவித்து அவர்கள் மனமார ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். எத்தனை பேர் கொடுத்திருந்தாலும் குரு ஒரு காணிக்கையை மட்டுமே தமக்கு எடுத்துக்கொள்ளலாம். 2025 ஈஸ்டர் ஞாயிறு, ஏப்ரல் 20 முதல் நடைமுறைக்கு வந்த வத்திக்கான் ஆணை இதைத் திரும்பவும் உறுதியாகச் சொல்கிறது.

எனவே அலுவலகத்தில் கேட்க வேண்டிய கேள்வி: “இது எங்களுக்கு மட்டுமா, கூட்டுக் கருத்தா?” கூட்டுக் கருத்து என்றாலும் உங்களுக்குச் சம்மதம் என்றால் கொடுங்கள், அதில் குறை ஒன்றும் இல்லை. தனிப் பூசைதான் வேண்டும் என்றால் அதைச் சொல்லி வேறு தேதி கேளுங்கள்.

விசுவாசிகள் மன்றாட்டில், அதாவது பூசைக்கு நடுவே பொதுவாக வேண்டிக்கொள்ளும் பகுதியில், பெயர் சொல்லி வேண்டிக்கொள்வது வேறு. அதற்குக் காணிக்கையே இல்லை. திடீரென்று விபத்து, ஆள் கைது, புயலில் படகு திரும்பவில்லை என்றால் தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றைய பூசைக்கு முன்னால் சக்கிரீஸ்துவுக்குப் போய், “மன்றாட்டில் சேர்த்துக்கங்க சாமி” என்று துண்டுச் சீட்டைக் கொடுங்கள். தனிப் பூசையை அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.

7. வெளியூரில், வெளிநாட்டில் இருந்தால்

முதலில் போன், பிறகு பணம். பதிவேட்டில் தேதி ஏறிய பிறகு அனுப்புங்கள். கூகுள் பே, போன் பே மூலம் அனுப்பினால் குறிப்பு இடத்தில் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, அதே படத்தை அலுவலக எண்ணுக்கு வாட்ஸப்பில் போடுங்கள். யாருடைய கணக்குக்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முகம் தெரியாத தனிநபர் எண்ணுக்கு அனுப்ப வேண்டாம்.

வளைகுடாவில் வேலை செய்யும் இந்தியக் குடிமக்கள் தங்கள் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவதில் சிக்கல் இல்லை. கனடா, பிரிட்டன் என்று குடியுரிமை மாறிய உறவினர் கோயில் கணக்குக்கு நேராக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வரும். பதிவோ முன் அனுமதியோ பெற்ற நிறுவனம்தான், அதற்கென்று உள்ள கணக்கில்தான் அதை வாங்க முடியும். அனுப்பிய பிறகு இரண்டு பக்கமும் தவிப்பதைவிட, அனுப்பும் முன் பங்கு அலுவலகத்தில் கேட்பது நல்லது. அவர்கள் இருக்கும் ஊர்ப் பங்கிலேயே அதே நாளில் அதே கருத்துக்கு ஒரு பூசை எழுதிக்கொள்வது இன்னும் சுலபம்.

8. கிரகோரியார் பூசை கேட்டால்

முப்பதாம் நாள் பூசையும் இதுவும் ஒன்றல்ல. கிரகோரியார் பூசை என்பது இறந்த ஒரே ஒருவருக்காக முப்பது நாள் விடாமல் தொடர்ந்து ஒப்புக்கொடுக்கும் முப்பது பூசை. உயிரோடு இருப்பவருக்குக் கிடையாது, இரண்டு பேரைச் சேர்க்கவும் முடியாது. ஒரே குரு, ஒரே பீடம் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் நாள் விடக் கூடாது.

ஞாயிறு பங்கு மக்களுக்கும், மற்ற நாட்களில் ஊராரின் கருத்துகளுக்கும் பூசை வைக்கும் பங்குச் சாமியாரால் இதை ஏற்பது கடினம். அவர் முடியாது என்றால் கோபப்படாதீர்கள். துறவற இல்லங்கள், குருத்துவக் கல்லூரிகள், ஓய்வுபெற்ற குருக்கள் இல்லம், ஆயரகம் ஆகிய இடங்களில் கேளுங்கள். காணிக்கை முப்பது பூசைக்கானது என்பதால் தொகை பெரியது. தொடங்கும் தேதியையும் முடியும் தேதியையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

9. பூசை நாளன்றும் அதற்குப் பிறகும்

முந்தின நாள் மாலை உபதேசியாருக்கு ஒரு போன். நேரம் மாறியிருக்கலாம்; புயல் எச்சரிக்கை, ஊரில் துக்கம், அடக்கப் பூசை என்று எதுவும் வரலாம். அன்று பதினைந்து நிமிடம் முன்னால் போய் வாசிப்பவரிடம் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வாசகம் வாசிக்கவும் காணிக்கைப் பொருள் எடுத்துச் செல்லவும் வீட்டாரை அனுமதிப்பார்கள், கேட்டால்.

நீங்கள் வர முடியாமல் போனாலும் பூசை செல்லும். மைக்கில் பெயர் சொல்லாமல் விட்டுப்போனாலும் செல்லும். குரு மனதில் கொண்டு ஒப்புக்கொடுத்தாலே போதுமானது. பெயர் வாசிக்கவில்லை என்று கோயில் வாசலில் சண்டை பிடிக்க வேண்டாம். பூசை முடிந்ததும் சாமியாரிடம் போய், “எங்கள் கருத்து இன்றைக்குத்தானே சாமி?” என்று கேளுங்கள்.

உண்மையிலேயே மறந்துபோயிருந்தால் ரசீதையோ பதிவேட்டுப் படத்தையோ காட்டுங்கள். காணிக்கையை ஏற்றுக்கொண்ட பூசையை நிறைவேற்றும் கடமை, அந்தப் பணம் யாருடைய தவறும் இல்லாமல் தொலைந்துபோனாலும் தீராது. மறுபடி காசு கேட்க மாட்டார்கள், கேட்கவும் கூடாது. அங்கேயே அடுத்த தேதியை வாங்கி, பதிவேட்டில் எழுதச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.